கருவாட்டுக்கு 4:2:0, ஓலைப்பெட்டிக்கு 4:4:4

மண்டபம் ஊரில் கருவாடு, கருப்பட்டி, ஓலைப்பெட்டி விற்கும் எங்கள் கடையின் இணையதளத்தை நான்தான் பார்க்கிறேன். இந்தக் கரையோரம் சிக்னல் ஒற்றைக் கோட்டுக்கு இறங்கினால் படம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார். அதனால் இரண்டு வருடம் முன்பு பைத்தான் நிரலில், பில்லோ என்ற படக் கருவித் தொகுப்பு படத்தைச் சேமிக்கும் வரியில் இருந்த, நிற விவரத்தை எவ்வளவு குறைப்பது என்று சொல்லும் சப்சாம்ப்ளிங் 0-வை 2 ஆக்கினேன். அதாவது நிறத்தை முழுசாக வைக்கும் 4:4:4 போய், குறைத்து வைக்கும் 4:2:0.

நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைப் பிடிப்பதுபோல நிற வித்தியாசத்தை நுணுக்கமாகப் பிடிக்காது. ஜேபெக் (JPEG) என்ற கோப்பு வகை, படத்தை ஒளிர்வு ஒன்று, நிறம் இரண்டு என மூன்று அடுக்காகப் பிரித்து வைக்கும். 4:2:0-வில் ஒளிர்வு முழுசாக இருக்கும், நிறம் நான்கு புள்ளிக்கு ஒன்றுதான். 1000க்கு 1000 படத்தில் 30 லட்சம் மதிப்புகள் 15 லட்சமாகும். கோப்பு பாதியாகும் என்று நம்பிவிடாதீர்கள். நிற அடுக்குகள் முன்பே நன்றாகச் சுருங்குபவை. எனக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நெத்திலி, வாளைக் கருவாட்டுப் படங்களில் பெரிதாக்கிப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை. அவற்றுக்கு இன்றும் அதுதான்.

ஓலைப்பெட்டியில்தான் மாட்டிக்கொண்டேன். சிவப்புச் சாயம் ஏற்றிய ஓலையும் வெள்ளோலையும் மாறி மாறி வரும் பெட்டி. படத்தில் சிவப்பின் ஓரம் மங்கி, பக்கத்து வெள்ளையில் இளஞ்சிவப்பு கசிந்திருந்தது. முடைந்த அத்தை போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, சாயம் பக்கத்து ஓலையில இறங்குன மாதிரி இருக்கு? நான் அப்படியா முடைவேன்?" என்று கேட்டார். சாயம் காய்ந்த பிறகே ஓலையைக் கையில் எடுப்பவர் அவர். எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

இப்போது பொருளின் வகை பார்த்து நிரலே முடிவு செய்கிறது: சாய ஓலைக்கு 0, மற்றதற்கு 2. வெப்பி (WebP) என்ற இன்னொரு படக் கோப்பு வகைக்கு மாறியும் பார்த்தேன். இழப்புள்ள வெப்பி, அதாவது கொஞ்சம் விவரத்தை விட்டுச் சுருக்குவது, எப்போதுமே 4:2:0தான். நிற ஓரங்களைக் கூர்மையாக வைக்கப் பார்க்கும் ஷார்ப் ஒய்யூவி விருப்பத்தைப் போட்டால் கசிவு குறைகிறது, முழுசாகப் போகவில்லை. பெட்டிகளுக்கு ஜேபெக்கே போதும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் கவனம்: சுருக்கிய கோப்பை மறுபடி 4:4:4-ல் சேமித்தால் போன நிறம் திரும்பாது, எடையே கூடும். போன் கேமராப் படமும் பெரும்பாலும் 4:2:0தான்; ஆனால் 4000 புள்ளி அகலத்தை 1000க்குக் குறைக்கும்போது தேவையான நிறம் அதில் இருக்கிறது. அதனால் மூலப் படத்தை அழிக்காதீர்கள். நான் மூன்று பெட்டிகளுக்கு அழித்துவிட்டேன், பெட்டிகளும் விற்றுப்போயின. அதே மாதிரி முடைந்து தருவதாக அத்தை சொல்லியிருக்கிறார். குருத்தோலை நேற்றுதான் வந்தது.