நோயியல் ஸ்லைடு பெட்டி: ஓராண்டு வகுப்பில் பயன்படுத்திய பின் எழுதும் மதிப்புரை

கடலூரில் மருத்துவ ஆய்வக நுட்பப் பட்டயப் படிப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு நோயியல் செய்முறை வகுப்பு எடுத்து வருகிறேன். சென்ற ஆண்டு ஜூன் மாதம், புதுச்சேரியில் ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றில், 30 ஸ்லைடுகள் அடங்கிய பொது நோயியல் பெட்டியை 5,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். உடலின் செல் நெருக்கடிக்கு ஆளாகும்போது எப்படித் தன்னை மாற்றிக்கொண்டு சமாளிக்கிறது, சமாளிக்க முடியாதபோது எப்படிக் காயப்படுகிறது, கடைசியில் எந்தெந்த வழிகளில் சாகிறது என்பதை மாணவர்கள் தம் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை வாங்கினேன். இதே போன்ற பெட்டிகள் பல பெயர்களில் விற்பனைக்கு வருவதால் தயாரிப்பாளரின் பெயரையும் கடையின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. எந்தப் பெட்டியை எடுத்தாலும் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்கு இந்த அனுபவம் உதவக்கூடும்.

பொருளின் தரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிகள் 75 மி.மீ. நீளமும் 25 மி.மீ. அகலமும் கொண்ட வழக்கமான அளவு. விளிம்புகள் தேய்த்து மழுங்கலாக்கப்பட்டிருப்பதால் கை கீறுவதில்லை. பெரும்பாலான ஸ்லைடுகளில் ஹெமடாக்சிலின், இயோசின் ஆகிய இரு சாயங்களும் நன்றாகப் பிடித்திருக்கின்றன. உட்கரு கருநீலமாகவும் அதைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசம் இளஞ்சிவப்பாகவும் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன. இரண்டு ஸ்லைடுகளில் திசுவின் சீவலான செக்‌ஷன் தடிமனாக வெட்டப்பட்டிருப்பதால், 40 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் (40 எக்ஸ்) வைத்தால் உட்கருக்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மங்குகின்றன. ஒன்றில் கவர்ஸ்லிப்புக்கு அடியில் காற்றுக் குமிழி நிற்கிறது. 22ஆம் எண் ஸ்லைடு பெட்டியைத் திறந்தபோதே குறுக்கே விரிசல் விட்டிருந்தது. காகித லேபிள்கள் நம் கடலோர ஈரக்காற்றைத் தாங்கவில்லை. ஐப்பசி மழை தொடங்கிய சில நாட்களிலேயே ஏழெட்டு உரிந்துவிட்டன. வாங்கியவுடன் டைமண்ட் பென்சிலால் கண்ணாடியின் ஓரத்தில் எண்ணைக் கீறி வைத்துவிடுவதும், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வைப்பதும் நல்லது.

தகவமைப்பைக் காட்டும் ஸ்லைடுகள் ஐந்து. அவற்றில் இதயத் தசையைக் காட்டும் மூன்றாம் எண் ஸ்லைடு மிக நன்றாக அமைந்திருக்கிறது. உயர் ரத்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் நீடித்தால், இதயத்தின் இடது கீழறையான வெண்ட்ரிக்கிள் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு ரத்தத்தை அனுப்ப வேண்டியிருக்கிறது. வளர்ந்த மனிதரின் இதயத் தசைச் செல்களுக்குப் பிரிந்து பெருகும் ஆற்றல் ஏறக்குறைய இல்லை என்பதால், கூடுதல் சுமைக்கு ஆள் சேர்க்க வழியின்றி, இருக்கும் செல்லே பருத்துப் பெரிதாகிறது. இதைத்தான் ஹைபர்ட்ரோபி என்கிறோம். இந்த ஸ்லைடில் தசைநார்கள் தடித்திருப்பதும், உட்கருக்கள் ரயில் பெட்டியைப் போல நீள்சதுரமாகக் கறுத்து நிற்பதும் 10 எக்ஸிலேயே தெரிகின்றன. பக்கத்திலேயே இயல்பான இதயத் தசை ஸ்லைடு ஒன்றையும் தந்திருப்பது பாராட்டத்தக்கது, ஏனெனில் ஒப்பிட்டுப் பார்க்காமல் பெரியது எது, சிறியது எது என்று யாராலும் சொல்ல முடியாது. செல்களின் எண்ணிக்கையே கூடும் ஹைபர்பிளாசியாவுக்குப் புராஸ்டேட் சுரப்பியும், செல் சுருங்கும் அட்ரோபிக்கு நரம்புத் தொடர்பு அறுந்த தசையும் வைத்திருக்கிறார்கள். இரண்டும் குறை சொல்ல முடியாதவை.

புகைபிடித்தவரின் மூச்சுக்குழாய் ஸ்லைடைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இயல்பாக அங்கே உயரமான செல்கள் நின்று, தம் தலையிலுள்ள நுண்ணிய மயிர்களால் சளியையும் தூசியையும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். புகையின் எரிச்சலைத் தொடர்ந்து தாங்க முடியாமல், அந்த இடத்தில் தட்டையான, அடுக்கடுக்கான செல்கள் உருவாகின்றன. அவை புகையைத் தாங்கும். ஆனால் தூசியைத் தள்ளும் வேலையைச் செய்யா. மெட்டாபிளாசியா என்னும் இந்த மாற்றம் ஸ்லைடின் ஒரு பாதியில் நிகழ்ந்தும், மறுபாதியில் பழைய மயிர்ச் செல்கள் இன்னும் நின்றும், இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு போலத் தெரிகிறது. இப்படி ஒரு செக்‌ஷன் கிடைப்பது அரிது. புகையை விட்டுவிட்டால் இந்த மாற்றம் பின்வாங்கக்கூடும். விடாமல் தொடர்ந்தால் புற்றுநோய்க்கு இடம் கொடுக்கும். மாணவர்கள் இந்த எல்லைக்கோட்டைப் பார்த்த நாளில் இரண்டு பேர் நெடுநேரம் நுண்ணோக்கியை விட்டு நகரவே இல்லை.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது ஒன்பதாம் எண் ஸ்லைடு. அதாவது, ஸ்லைடை விட அதற்குக் கையேட்டில் கொடுத்திருந்த இடம். கல்லீரலில் கொழுப்புப் படிந்த நிலையை அது காட்டுகிறது. செல்லுக்குள் வட்டவட்டமாக வெள்ளை ஓட்டைகள் தெரிகின்றன. திசுவைப் பதப்படுத்தும்போது ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடுவதால்தான் அவை ஓட்டைகளாகத் தெரிகின்றன, கொழுப்பை அப்படியே பார்க்க வேண்டுமென்றால் உறையவைத்து வெட்டிய செக்‌ஷனில் தனிச் சாயம் போட வேண்டும் என்ற விளக்கம் கையேட்டில் சரியாக இருக்கிறது. ஆனால் அந்த ஸ்லைடை "செல்லின் சாவு" என்ற தலைப்பின் கீழ்ச் சேர்த்திருக்கிறார்கள். இது அச்சுப் பிழை என்று விட்டுவிடக் கூடிய தவறு இல்லை. குடியால் கல்லீரலில் படிந்த கொழுப்பு, தழும்பு விழாத கட்டத்தில் குடியை அடியோடு நிறுத்தினால் சில வாரங்களிலேயே கரையத் தொடங்குகிறது. அந்தச் செல் காயப்பட்டிருக்கிறது, இன்னும் சாகவில்லை. நாளை ஆய்வகத்தில் உட்காரப் போகும் ஒரு பிள்ளை இதைச் செத்த செல் என்று மனத்தில் பதித்துக்கொண்டால், செல்லின் காயத்தைப் பற்றி அறிய வேண்டியதிலேயே பெரிய விஷயம் கைநழுவிப் போகிறது.

காயப்பட்ட செல் எதுவரை திரும்பிவரும், எங்கே அந்த வழி அடைபடுகிறது என்பதே அந்தப் பெரிய விஷயம். இந்தப் பெட்டி அதற்குப் போதிய இடம் தரவில்லை என்பதே என் முதன்மையான குறை. 30 ஸ்லைடுகளில் மீளக்கூடிய காயத்தைக் காட்டுவது கொழுப்புக் கல்லீரல் ஒன்றுதான். சிறுநீரக நுண்குழல் செல்கள் நீர்கோத்து வீங்கும் நிலையைக் காட்டும் ஸ்லைடு ஒன்று கட்டாயம் இருந்திருக்க வேண்டும். அதை விளக்க எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் மோட்டாரைச் சொல்வேன். 2015ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது தாழ்வான தெருக்களில் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்ததும், மின்சாரம் போனதும் தண்ணீர் மறுபடி வாசற்படி ஏறியதும் அவர்களுக்கு நினைவிருக்கிறது. செல்லின் சவ்விலும் அப்படி ஒரு பம்பு இருக்கிறது. அது சோடியத்தை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜன் வராமல் மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் தயாரிப்பதை நிறுத்தினால் பம்பு நிற்கிறது, சோடியம் உள்ளே வருகிறது, அதன் பின்னாலேயே தண்ணீரும் வருகிறது, செல் வீங்குகிறது. இந்தக் கட்டத்தில் ரத்த ஓட்டம் திரும்பினால் பம்பு மறுபடி ஓடும், செல்லும் பழைய நிலைக்கு வரும். மைட்டோகாண்ட்ரியா இனிச் சரிசெய்ய முடியாதபடி கெட்டு, வெளிச்சவ்வும் கிழிந்துவிட்டால் பிறகு எதை அனுப்பினாலும் பயனில்லை.

மாரடைப்பைக் காட்டும் 14ஆம் எண் ஸ்லைடு இந்தப் பெட்டியின் விலைக்கே ஈடானது. முதன்முறை அதைப் பார்த்த மாணவி ஒருத்தி, "மேடம், செல்லு அப்படியே இருக்கு, ஆனா நியூக்ளியஸ காணோமே?" என்று கேட்டாள். சரியாகப் பார்த்திருந்தாள். ரத்த ஓட்டம் தடைப்பட்டுச் செத்த இதயத் தசையில், செல்லின் வெளிக்கோடு சில நாட்கள் கலையாமல் நிற்கும். உள்ளே உட்கரு முதலில் சுருங்கிக் கறுத்து, பிறகு தூளாகி, கடைசியில் கரைந்து மறையும். உறைந்தது போன்ற இந்தச் சாவைக் கோயாகுலேட்டிவ் நெக்ரோசிஸ் என்கிறோம். ஸ்லைடை ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்திக்கொண்டு போனால், உயிரோடு இருக்கும் தசை, அடுத்துச் சுருங்கிய உட்கருக்கள், அதற்கப்பால் ஆளில்லாத வீடுகள் போல வெறும் கோடுகள், இடையிடையே செத்ததை அப்புறப்படுத்த வந்த நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் என்று எல்லாமே வரிசையாக வருகின்றன.

இந்த ஸ்லைடை நான் பார்ப்பதற்கும் மாணவர்கள் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. என் அப்பாவுக்கு நள்ளிரவில் நெஞ்சு வலித்தபோது வாயுப் பிடிப்பு என்று நினைத்து, ஓமத் தண்ணீர் கொடுத்து, விடியட்டும் என்று காத்திருந்தோம். இதயத் தசைச் செல் ரத்தமில்லாமல் 20 முதல் 40 நிமிடங்கள் இருந்தால் மீள முடியாத காயம் தொடங்கிவிடுகிறது. ஆனால் எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் சாவதில்லை. சாவு இதயச் சுவரின் உட்பக்கத்தில் தொடங்கிச் சில மணி நேரத்தில் வெளிப்பக்கம் நோக்கிப் பரவுகிறது. அந்த மணி நேரங்களுக்குள் அடைப்பைத் திறந்தால் வெளிப்பக்கத் தசையைக் காப்பாற்றலாம். நாங்கள் அந்த நேரத்தை வீட்டு வாசலில் கழித்தோம். அப்பா பிழைத்தார், ஆனால் மாடிப்படி ஏற முடியாமல் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தார். இதயத் தசை செத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் அதை எடுத்துச் சாதாரண நுண்ணோக்கியில் வைத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது என்பதையும், கிழிந்த சவ்வின் வழியே கசிந்த ட்ரோபோனின் என்னும் இதயத் தசைப் புரதத்தை ரத்தத்தில் கண்டுபிடிப்பது ஆய்வக நுட்புநர்களின் கையால்தான் என்பதையும் ஒவ்வொரு முறையும் இந்த ஸ்லைடை வைத்துச் சொல்கிறேன். கையேட்டில் இவை இரண்டும் இல்லை.

மற்ற வகைச் சாவுகளுக்கான ஸ்லைடுகளில் காசநோய் நிணநீர்க்கணுவே சிறந்தது. நடுவே பாலாடைக்கட்டி போல உருவமற்ற இளஞ்சிவப்புப் பரப்பும், அதன் விளிம்பில் உட்கருக்கள் குதிரை லாடம் போல வளைந்து நிற்கும் பெரிய செல்களும் இருக்கின்றன. மூளைத் திசு உருகிக் கரைந்த நிலை சுமார். தடிமனான செக்‌ஷன் இரண்டில் இது ஒன்று. கணையத்தைச் சுற்றிய கொழுப்பு செத்துக் கால்சியத்தோடு சேர்ந்து சோப்பாக மாறிய நிலைக்கான 22ஆம் எண்தான் உடைந்து வந்தது.

பெட்டியின் கடைசிப் பகுதியில், செல் தன்னைத்தானே ஒழுங்காக முடித்துக்கொள்ளும் சாவான அப்போப்டோசிஸ் ஒரே ஒரு ஸ்லைடாக, வைரஸ் தாக்கிய கல்லீரலில் காட்டப்பட்டிருக்கிறது. தேடிப் பிடிக்கப் பொறுமை வேண்டும்: இயல்பான செல்களுக்கு நடுவே, சுருங்கி, அடர் சிவப்பாக, உருண்டையாக ஒரே ஒரு செல் தனித்து நிற்கும், சுற்றிலும் வீக்கமோ அழற்சிச் செல்களின் கூட்டமோ இருக்காது. ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டர் கரி ஆகிய மூவரும் 1972இல் இத்தகைய ஒழுங்கான சாவுக்கு இந்தப் பெயரைச் சூட்டினார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. வெட்டுண்ட கிளை அழுகுவதற்கும், பழுத்த இலை காம்பு கழன்று விழுவதற்கும் உள்ள வேறுபாடுதான் நெக்ரோசிஸுக்கும் இதற்கும். கருவில் விரல்களுக்கு இடையே உள்ள சவ்வு மறைந்து விரல்கள் தனித்தனியாகப் பிரிவது இந்தச் சாவால்தான். ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள உருளைப்புழு ஒன்றின் வளர்ச்சியில் 1,090 செல்கள் உருவாகி, அவற்றில் 131 செல்கள் எப்போதும் இதே முறையில் செத்துப்போகின்றன. அந்தச் சாவுக்கான மரபணுக் கட்டளைகளைக் கண்டறிந்தவர்கள் 2002ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்கள். இவ்வளவு விரிந்த விஷயத்துக்கு ஒரு ஸ்லைடும் கையேட்டில் நான்கு வரியும் போதாது. தலைப்பிரட்டையின் வால் மறையும் பருவத்தில் வெட்டிய செக்‌ஷன் ஒன்றைச் சேர்த்திருந்தால் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடப் புரிந்திருக்கும்.

கையேடு முழுவதும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து வந்த பிள்ளைகளுக்காக நாங்களே ஒவ்வொரு ஸ்லைடுக்கும் அரைப் பக்கக் குறிப்பைத் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம். நோயின் தொடக்கத்தைச் செல்லில் தேட வேண்டும் என்று ருடால்ஃப் ஃபிர்க்கோ 1858இல் நூலாக எழுதி நிலைநாட்டியதைச் சொல்லித் தொடங்கும் முதல் பக்கம் நன்றாக இருக்கிறது. அந்தக் கவனம் உள்ளே தொடரவில்லை.

மருத்துவ ஆய்வக நுட்பம், செவிலியம், மருந்தியல் படிப்புகளை நடத்தும் சிறு நிறுவனங்கள் இந்தப் பெட்டியை நம்பி வாங்கலாம். பள்ளிகள் வாங்கத் தேவையில்லை. பத்து ஸ்லைடு கொண்ட சிறிய தொகுப்பே அவர்களுக்குப் போதும். வாங்குபவர்கள் கடையிலேயே ஒரு நுண்ணோக்கியைக் கேட்டு வாங்கி, குறைந்தது மாரடைப்பு, மூச்சுக்குழாய், மூளை ஆகிய மூன்றையும் 40 எக்ஸில் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது. உடைந்த ஸ்லைடை எடுத்துக்கொண்டு மறுவாரமே புதுச்சேரிக்குப் போனேன். கடைக்காரர் மறுப்புச் சொல்லாமல், "வெச்சிட்டுப் போங்க மேடம், கம்பெனியில இருந்து வந்ததும் போன் பண்றேன்" என்றார். மூன்று மாதம் கழித்துப் புதியது வந்தது. அப்போது ஒன்பதாம் எண்ணைக் கையேட்டில் இடம் மாற்ற வேண்டும் என்றும், நீர்கோத்து வீங்கிய சிறுநீரகச் செல்லுக்கு ஒரு ஸ்லைடு சேர்க்க வேண்டும் என்றும் தயாரிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கடையில் கொடுத்தேன். இதுவரை பதில் இல்லை. பெட்டியின் அடித்தட்டில் காலியாக உள்ள துளையில், நாங்கள் கையால் வரைந்த வீங்கிய செல்லின் படம் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.