உடனே பதிலா, விசாரித்துவிட்டுப் பதிலா?

விமர்சனம் வந்ததும் சுடச்சுடப் பதில் சொல்வது ஒரு வழி. விசாரித்துவிட்டுச் சொல்வது இன்னொன்று. 2010-இல் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரே புகாருக்கு இரண்டையும் செய்தார்.

ஜூனில் ஐபோன் 4 வெளியானது. அதன் இடப்பக்கக் கீழ்மூலையைக் கை மூடினால் சிக்னல் குறைந்தது. கேட்ட ஒருவருக்கு, அப்படிப் பிடிப்பதைத் தவிருங்கள் என்று மின்னஞ்சலில் ஒரு வரிப் பதில் போட்டார். அதில் பொய் இல்லை. ஆனால் குற்றம் போனை விட்டு வாங்கியவர் கைக்கு மாறிவிட்டது. அப்புறம் கேலிக்குக் கேட்கவா வேண்டும்!

ஜூலை 16-இல் செய்தியாளர்களை அழைத்தார். நாங்கள் குறையற்றவர்கள் அல்ல என்றார், சோதனை விவரங்களைக் காட்டினார். கை நேரடியாகப் படாமல் தடுக்கும் போன் உறை இலவசம், அதுவும் போதாதென்றால் பணம் வாபஸ் என்று அறிவித்தார். போட்டியாளர்களின் போன்களிலும் இதே குறை உண்டு என்று காட்டியது மட்டும் வேண்டாத வேலை. அவர்கள் உடனே சண்டைக்கு வந்தார்கள்.

என் ஓட்டு இரண்டாவதற்கே. வேகமான பதில் பெரும்பாலும் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்க்கும். அதற்காக வாரக்கணக்கில் வாய்மூடி இருக்கவும் முடியாது. அந்த இடைவெளியை வதந்தி நிரப்பிவிடும். "புகார் வந்தது, பார்க்கிறோம், இந்தத் தேதிக்குள் சொல்கிறோம்" என்று முதல் நாளே சொல்லிவிடலாம்.

உயிருக்கு ஆபத்து என்ற புகாரானால் கணக்கே வேறு: முதலில் நிறுத்த வேண்டும், விசாரணை பிறகு.