ரப்பர் பட்டையா, சூடான காற்றா: இறக்கையில் ஐஸ் கட்டினால் எது கைகொடுக்கும்?

சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் சென்னை விமானம் ஏற நடந்து போகும்போது இறக்கையின் முன் விளிம்பை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். நம்ம ஊருக்கு வருவது ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானம், இறக்கை தலைக்கு மேலே இருக்கும். வெள்ளை இறக்கையில் முன் விளிம்பில் மட்டும் கறுப்பாக ஒரு ரப்பர் பட்டை நீளமாக ஓடும். போன ஐப்பசியில் கூட வந்த சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, பஞ்சர் ஒட்டின மாதிரி இருக்கு?" என்றார். ஐஸை உடைக்கிற ரப்பர் என்றேன். "சேலத்து வெயில்ல ஐஸா?" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டார். அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். (பனி என்றால் நமக்கு ஏற்காட்டு மூடுபனிதான் நினைவுக்கு வரும் என்பதால் ஐஸ் என்றே எழுதுகிறேன்.)

ஏற்காட்டுக்கு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் உடம்பு சில்லிடுகிறது அல்லவா, அது வெறும் 1,500 மீட்டர் உயரம்தான். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 2 டிகிரி குறைந்துகொண்டே போகும். நம் பக்கத்து வானத்தில் 16,000, 17,000 அடி வாக்கில் பூஜ்யம் வந்துவிடும். ஏடிஆர் பறப்பதும் பெரும்பாலும் அந்த உயரத்தை ஒட்டித்தான். ஜெட் விமானமும் அதே மேகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், ஆனால் அது சில நிமிடங்களில் கடந்து 35,000 அடிக்குப் போய்விடும். ஏடிஆர் அங்கேயே இருக்கும்.

மேகத்தில் இருக்கும் நீர்த்துளி பூஜ்யத்துக்குக் கீழே போனதும் உறைந்துவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம், உண்மையில் சுத்தமான சின்னத் துளி மைனஸ் 10, 15 டிகிரியிலும் தண்ணீராகவே நிற்கும். ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் பாட்டில் உறையாமல் இருந்து, எடுத்து ஒரு தட்டு தட்டியதும் கண்முன்னே ஐஸாக மாறுவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். இங்கே அந்தத் தட்டு தட்டுவது இறக்கை. துளி மோதும், அங்கேயே உறையும். எடை கூடுவது கூட இரண்டாம்பட்சம்தான், கெடுவது இறக்கையின் வடிவம். சொரசொரப்பான உப்புத்தாள் அளவுக்குப் படிந்தாலே இறக்கையின் தூக்கும் சக்தி 30 சதவீதம் வரை போய்விடும் என்பது விமானிகளுக்குச் சொல்லித்தரும் கணக்கு.

சரி, இதற்கு என்ன வழிகள்? முதலாவது சூடான காற்று. ஏர்பஸ் 320, போயிங் 737 எல்லாம் இந்த வகை. எஞ்சினுக்குள் அழுத்தப்பட்ட காற்றில் கொஞ்சத்தைப் பிடுங்கி, சுமார் 200 டிகிரி சூட்டில் இறக்கையின் முன் விளிம்புக்குள் குழாய் வழியே விடுகிறார்கள். 320இல் முழு இறக்கைக்கும் கூட இல்லை, முன் விளிம்பில் நீண்டு மடங்கும் துண்டுகளில் (ஸ்லாட்) வெளிப்பக்கத்து மூன்றுக்கு மட்டும்தான், அதுவே போதுமானது. ஐஸைக் கட்டவே விடாது என்பதுதான் இதன் பெரிய பலம். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே நிம்மதியானது இதுதான். ஆனால் எஞ்சினின் சக்தியைத் தின்னும். பெரிய ஜெட் எஞ்சினுக்கு அது பொருட்டில்லை, ஏடிஆரின் சின்ன எஞ்சினுக்குக் கட்டுப்படியாகாது.

இரண்டாவது மின்சாரச் சூடு. போயிங் 787இல் இறக்கைக்காக எஞ்சின் காற்றைப் பிடுங்குவதே இல்லை, விளிம்புக்குள் இஸ்திரிப்பெட்டி போல் சூடேறும் விரிப்பு இருக்கிறது. அதற்கு ஜெனரேட்டர்கள் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத துளைகள் போட்ட டைட்டானியம் தகடு வழியே எளிதில் உறையாத கிளைக்கால் திரவத்தைக் கசியவிடுவது. சிரஸ் மாதிரி சின்ன விமானங்களுக்கு அருமையான ஏற்பாடு, டேங்க் காலியானால் கதை முடிந்தது.

இப்போது நம்ம ரப்பர். 1930களில் குட்ரிச் கம்பெனி கொண்டுவந்த யோசனை, இன்னும் ஓடுகிறது. பட்டைக்குள் காற்றுப் பைகள் இருக்கும், எஞ்சினிலிருந்து துளியூண்டு காற்று போதும், குளிருக்கு ஏற்ப நிமிடத்துக்கு ஒருமுறையோ நான்கு நிமிடத்துக்கு ஒருமுறையோ உப்பி அடங்கும், மேலே படிந்த ஐஸ் நொறுங்கிக் காற்றோடு போகும். எளிது, எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் மற்ற மூன்றையும் சரியாகப் பயன்படுத்தினால் ஐஸ் கட்டாமல் தடுக்கலாம், ரப்பரோ ஐஸ் கட்டிய பிறகு உடைக்கிறது. ஐஸ் இருக்கிறது என்று ஒருவர் கவனித்து, சுவிட்சைப் போட்டு, வேகத்தையும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகவே ஏடிஆரில் இடது பக்க விமானி ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்னக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும், அதில் ஐஸ் இருந்தால் இறக்கையிலும் இருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் தடிமனாகக் கட்டவிட்டு அப்புறம்தான் ரப்பரைப் போட வேண்டும் என்று பல வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள், அது தவறு, பார்த்தவுடனே போடுங்கள் என்று பிற்பாடு மாற்றினார்கள்.

ரப்பரின் எல்லை எது என்று 1994 அக்டோபர் 31 காட்டியது. அமெரிக்காவின் இண்டியானாவில் ரோஸ்லான் ஊருக்கு மேலே ஓர் ஏடிஆர் 72 தரையிறங்க அனுமதிக்காக வட்டமடித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்தவை பெரிய துளிகள். மோதிய இடத்திலேயே உறையாமல் பின்னால் வழிந்து, பட்டை முடியும் இடத்துக்குப் பின்னே வரப்பு மாதிரி கட்டிக்கொண்டன. அங்கே ரப்பர் இல்லை. இறக்கையின் அசையும் பாகம் தானாகப் புரண்டு, விமானம் கவிழ்ந்து 68 பேரும் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பட்டையின் அகலத்தைப் பின்பக்கமாகக் கூட்டினார்கள்.

அது குளிர் தேசம் என்று விட்டுவிட முடியாது. 2024 ஆகஸ்ட் 9 அன்று பிரேசிலில், வின்ஹேதோ ஊரில் ஏடிஆர் 72 ஒன்று சுழன்று விழுந்து 62 பேர் இறந்தார்கள். 17,000 அடியில் பறந்துகொண்டிருந்தது. 12,000 முதல் 21,000 அடி வரை கடுமையான ஐஸ் இருக்கும் என்று முன்னறிவிப்பும் இருந்தது. ஐஸ் உடைக்கும் அமைப்பு பலமுறை போடப்பட்டு, நிறுத்தப்பட்டது என்கிறது விசாரணையின் முதல்கட்ட அறிக்கை. அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

வேகம் காட்டும் பிட்டோ குழாயில் மட்டும் இந்தப் போட்டிக்கு இடமில்லை, இந்த மாதிரி பயணிகள் விமானங்களில் மின்சாரச் சூடுதான். அதையும் மீறி 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் மேலே ஏர் பிரான்ஸ் 447இல் அந்தக் குழாய்கள் ஐஸ் படிகங்களால் அடைத்தன, 228 பேர் போனார்கள்.

அப்படியானால் சேலத்துக்கு ரப்பர் போதுமா? போதும் என்பேன், ஏனென்றால் நம் வானத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது, அது கீழே இறங்குவது. குளிர்காலத்து இண்டியானாவில் இறங்கினாலும் குளிர்தான். இங்கே நாலாயிரம், ஐந்தாயிரம் அடி இறங்கினால் வெளியே பத்து டிகிரி வெப்பம், சேர்வராயன் மலை உச்சி அதற்கும் வெகு கீழே. ஆனால் தாமதிக்காமல் இறங்க வேண்டும்.

சித்தப்பாவுடன் போன அன்று முன்பக்கத்து ஜன்னல் கிடைத்தது. மேகத்துக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் பக்கச் சுவரில் தட், தட் என்று சத்தம். புரொப்பெல்லர் தன் மேல் கட்டிய ஐஸை வீசுகிறது, அந்த இடத்தில் அதற்கென்றே தடித்த தகடு வைத்திருக்கிறார்கள் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். கறுப்புப் பட்டையில் வெள்ளையாக விரல் தடிமனுக்கும் குறைவாக ஒரு கோடு, பட்டை உப்பியது, கோடு தெறித்துப் போனது. அவரும் எட்டிப் பார்த்தார். சீக்கிரமே விமானம் இறங்க ஆரம்பித்தது, மிச்சம் ஒட்டியிருந்தது தண்ணீராகி ரப்பரில் வழிந்தது.