ஓயெஸ் தளம்: ஆட்சேபனை சொல்லாமல் விட்டதற்கு என்ன விலை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள

அமெரிக்காவில் ஒரு கிரிமினல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் அரசமைப்பு உரிமை மீறப்பட்டாலும், வக்கீல் அந்த நேரத்திலேயே எழுந்து ஆட்சேபனை சொல்லிப் பதிவில் ஏற்றவில்லை என்றால் மேல்முறையீட்டில் அது பெரும்பாலும் எடுபடாது. புத்தகத்தில் படித்தால் இது வறட்டு நடைமுறை மாதிரித்தான் தெரியும். எனக்கு இது உறைத்தது ஓயெஸ் தளத்தில் வாதங்களைக் கேட்டபோதுதான். 1955 முதல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் பதிவான வாய்மொழி வாதங்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன, பேசுகிறவர் பெயரோடு எழுத்தும் கூடவே ஓடுகிறது, அதனால் வேகமான ஆங்கிலம் பிடிபடாதவர்களும் தைரியமாக உட்காரலாம்.

முதலில் 2017-ல் தீர்ப்பான வீவர் எதிர் மாசசூசெட்ஸ் வழக்கைக் கேளுங்கள். கொலை வழக்கு. ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, அதைத் தேர்வு செய்த இரண்டு நாளும் இடமில்லை என்று சொல்லி, குற்றம் சாட்டப்பட்ட பையனின் அம்மாவையே நீதிமன்ற அறைக்குள் விடவில்லை. வெளிப்படையான விசாரணை என்பது அமெரிக்க அரசமைப்பின் ஆறாவது திருத்தம் தரும் உரிமை, ஜூரி தேர்வுக்கும் அது பொருந்தும். ஆனால் வக்கீல் வாயே திறக்கவில்லை. அப்போதே ஆட்சேபித்து நேரடி மேல்முறையீட்டிலும் எழுப்பியிருந்தால், பாதிப்பை நிரூபிக்காமலேயே மறுவிசாரணை கிடைத்திருக்கும். வருடங்கள் கழித்து, வக்கீல் சரியாக வாதாடவில்லை என்ற வழியில் வந்ததால், கதவு திறந்திருந்தால் முடிவு மாறியிருக்க நியாயமான வாய்ப்பு இருந்தது என்றோ விசாரணையே அடிப்படையில் அநியாயமானது என்றோ காட்ட வேண்டிய சுமை அந்தப் பையன் தலையில் விழுந்தது. அதை எப்படிக் காட்ட முடியும்? தோற்றார். அதே மீறல், அதே அறை, வக்கீலின் மௌனம் ஒன்றுதான் வித்தியாசம். எனக்கு இது அநியாயமாகவே படுகிறது, தவறு வக்கீலுடையது, தண்டனை மட்டும் கட்சிக்காரருக்கு.

அப்புறம் 1986-ன் பேட்சன் எதிர் கென்டக்கி. கறுப்பினத்தவர் நால்வரையும் அரசு வக்கீல் ஜூரியிலிருந்து நீக்கியதும், ஜூரி உறுதிமொழி எடுப்பதற்கு முன்பே எதிர்த் தரப்பு வக்கீல் அந்த ஜூரியைக் கலைக்கச் சொல்லி மனு வைத்தார். அந்த மனு தள்ளுபடியானாலும் பதிவில் இருந்தது, உச்ச நீதிமன்றம் வரை பேசுவதற்கு அது போதுமாக இருந்தது.

2020-ன் ஹோல்கின்-ஹெர்னாண்டஸ் வழக்கு அரசமைப்பு வழக்கு இல்லை, தண்டனை பற்றியது. ஆனாலும் கேளுங்கள், மனசுக்கு ஆறுதல் தரும். குறைந்த தண்டனை கேட்டு வாதாடியவர், தண்டனை சொன்ன பிறகு "அதிகம்" என்று இன்னொரு முறை ஆட்சேபிக்கத் தேவையில்லை என்று எல்லா நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்ன தீர்ப்பு.

குறைகளும் உண்டு. வழக்குச் சுருக்கம் சில பத்திகளோடு நின்றுவிடுகிறது, விசாரணையில் எந்தக் கட்டத்தில் எந்த வார்த்தையில் ஆட்சேபனை வந்தது என்று பார்க்க முழுத் தீர்ப்பைத்தான் திறக்க வேண்டும். நம் விஷயத்துக்கு உயிரே அதுதான். 1993-ன் ஒலானோ தீர்ப்பு வகுத்த நான்கு படிச் சோதனை, அதாவது ஆட்சேபிக்காமல் விட்ட பிழையைக் கூட்டாட்சி நீதிமன்றம் எப்போது பொருட்படுத்தலாம் என்பது, தெரியாமல் உள்ளே போனால் பாதி வாதம் புரியாது. இன்னொன்று, இது உச்ச நீதிமன்றம் மட்டும். இந்தச் சண்டை தினம் தினம் நடக்கும் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் வாதங்கள் வேண்டுமென்றால் கோர்ட்லிஸனர் தளத்துக்குப் போங்கள், அதுவும் இலவசம்.