கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பின் வந்த கசிவு: 14 மாத அனுபவம்

என் வண்டிக்கு வயது 17. நான்கு கியர் ஆட்டோமேட்டிக், முன்சக்கரத்தில் இழுக்கும் வகை, ஓட்டம் 1,60,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றி, ஃபில்ட்டரும், அடியில் ஆயில் தேங்கும் தட்டான சம்ப்பின் பேக்கிங்கும் புதிதாகப் போட்டு எடுத்து வந்த மூன்றாம் நாள், வண்டி நின்ற இடத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. அதுவரை ஒரு சொட்டுகூடச் சிந்தாத வண்டி. அந்தக் கசிவை முழுசாக நிறுத்த நான்கு மாதம் பிடித்தது. அதன் பிறகு பத்து மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டிய வேலையை நான் இரண்டாவதாகச் செய்தேன். அது அடிப்பக்கத்தைக் கழுவுவது. சம்ப்பைக் கழற்றும்போது ஆயில் எப்படியும் சிந்தும். அடியில் இருக்கும் குறுக்குச் சட்டத்தின் பள்ளங்களில் தேங்கி, வண்டி சூடாகும் போதெல்லாம் இளகி, ஒரு வாரம்கூடச் சொட்டிக்கொண்டிருக்கும். அது கசிவே இல்லை. கிரீஸ் நீக்கும் திரவம் அடித்துக் கழுவி, துடைத்து, காயவைத்து, இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். அடியில் படுக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

நிறத்தையும் வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். புது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்பு, பழசானால் பழுப்பு. எஞ்சின் ஆயில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருக்கும். ஆனால் பல வண்டிகளில் பவர் ஸ்டீயரிங்குக்கும் இதே சிவப்பு ஆயில்தான் ஊற்றுவார்கள். அதனால் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கியர்பாக்ஸைச் சந்தேகப்படலாம்.

கழுவிய பிறகும் சம்ப்பின் ஓரத்தில் ஈரம் தெரிந்தது. சர்வீஸ் செய்த இடத்தில் காட்டினேன். போல்ட்டுகளை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் குறைந்தது, மூன்றாம் நாள் முன்பைவிட அதிகமாக வந்தது. இந்தத் தவறு பரவலாக நடப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சம்ப் மெல்லிய தகடு. அதன் போல்ட்டுகளுக்கு என் வண்டியின் கையேட்டில் உள்ள இறுக்க அளவு வெறும் 8 நியூட்டன் மீட்டர். நீளமான ஸ்பேனரில் அழுத்தினால் அதைப் போல மூன்று மடங்கு சுலபமாக ஏறிவிடும். அப்போது போல்ட் ஓட்டையைச் சுற்றித் தகடு மேல்நோக்கிக் குழிந்துவிடும். போல்ட் இருக்கும் இடத்தில் பேக்கிங் நசுங்கும், இரண்டு போல்ட்டுக்கு நடுவில் தகடு பேக்கிங்கைத் தொடவே தொடாது. மேலும் இறுக்க இறுக்க இடைவெளிதான் கூடும்.

சம்ப்பைக் கழற்றிக் கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்து வைத்தபோது நான்கு இடங்களில் வெளிச்சம் புகுந்தது. தக்கைப் பேக்கிங் ஒரு மூலையில் வெளியே பிதுங்கிக் கிழிந்திருந்தது. ஓரத்தை மரக்கட்டை மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் உள்பக்கமிருந்து மெதுவாகத் தட்டிச் சமப்படுத்தினேன். கியர்பாக்ஸ் பக்கம் ஒட்டியிருந்த பழைய பேக்கிங் துணுக்குகளைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்தேன். அது அலுமினியம், இரும்பால் சுரண்டினால் கீறல் விழும். ரப்பர் பேக்கிங் போட்டு, நடுவிலிருந்து தொடங்கி எதிரெதிராக, இரண்டு சுற்றாக, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்கினேன். வடிகால் போல்ட்டின் வாஷரையும் மாற்றினேன். அது ஒருமுறை நசுங்கி அமர்ந்துவிட்டால் மறுமுறை அடைக்கும் என்று நம்ப முடியாது.

சம்ப் ஓரம் காய்ந்தது. ஆனால் கதை முடியவில்லை.

அடியில் ஓர் அட்டையை விரித்து, சக்கரம் நிற்கும் இடத்தைக் கோடு போட்டு, தினமும் தேதி, எத்தனை மணி நேரம் நின்றது, எத்தனை சொட்டு என்று அதிலேயே எழுதி வந்தேன். தினமும் ஓட்டிய நாட்களில் ஒன்றுமில்லை. நான்கு நாள் எடுக்காமல் விட்டபோது ஏழு சொட்டு. ஓடும்போது கசியாமல் நிற்கும்போது மட்டும் கசிகிறது என்பதுதான் எனக்குக் கிடைத்த பெரிய துப்பு.

இடையில் வேறொரு மெக்கானிக், "பம்ப் சீல் போயிடுச்சு சார், கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே ஈரம் இருந்ததால் அப்படிச் சொன்னார். பம்ப் சீல் என்பது கியர்பாக்ஸுக்குள் ஆயிலைத் தள்ளும் பம்ப்பின் ரப்பர் அடைப்பு. அது போயிருந்தால் எஞ்சின் ஓடும்போதுதான் அதிகம் ஒழுக வேண்டும். என் அட்டை அதற்கு நேர் எதிராகச் சொன்னது. கியர்பாக்ஸை இறக்குவது சின்ன வேலை இல்லை. அதனால் சம்மதிக்கவில்லை.

வண்டி பல நாள் நின்றால் எஞ்சின் சுழற்சியை ஆயில் மூலம் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஆயிலில் ஒரு பகுதி மெல்ல சம்ப்புக்கு இறங்கிவிடும். உள்ளே மட்டம் உயர்ந்து, வழக்கமாக ஆயில் எட்டாத சீல்களை நனைக்கும். ஸ்டார்ட் செய்ததும் பம்ப் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். சரி, அப்படியானால் மட்டம் சரியாக இருக்கிறதா? பார்த்தேன், அரை லிட்டர் அதிகம். சர்வீஸில் வண்டி சூடாகாதபோதே அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில், சூடான ஆயிலுக்கு உரிய கோடு வரை ஊற்றியிருக்கிறார்கள். 50 டிகிரி சூடு கூடினாலே 7 லிட்டர் ஆயில் கிட்டத்தட்ட கால் லிட்டர் பெருகும். சம்ப்பை நான் மாட்டியபோது வடிந்த அளவையே அளந்து திரும்ப ஊற்றியதால் அந்தத் தப்பும் அப்படியே தொடர்ந்திருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் நன்றாகச் சூடான பிறகு, எல்லா கியரிலும் ஒருமுறை போட்டு எடுத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அளவு பார்க்க வேண்டும். சிலவற்றில் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கையேடு சொல்வதே சரி.

அதிகமானதை டிப்ஸ்டிக் குழாய் வழியாக உறிஞ்சி எடுத்தேன். ஏழு சொட்டு இரண்டானது. மீதிக்குப் புற ஊதா சாயத்தை ஆயிலில் கலந்து, ஒரு வாரம் கழித்து இருட்டில் அதற்குரிய டார்ச்சை அடித்துப் பார்த்தேன். வழிந்த தடத்தில் எது மிக உயரமான இடமோ அங்கேதான் தேட வேண்டும். காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிவிடும் என்பதால் முன்பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். கியர் மாற்றும் தண்டு உள்ளே நுழையும் இடத்தைச் சுற்றி மெல்லிய வளையமாக மின்னியது. கியர்பாக்ஸை இறக்காமலே அந்தச் சின்ன சீலை மாற்ற முடிந்தது. வெளியே வந்த பழைய சீல் பிளாஸ்டிக் போல விறைத்திருந்தது. 17 வருட சூடு அதைக் கெடுத்திருந்தது, அதிகமாக ஊற்றிய ஆயில் அதைக் காட்டிக்கொடுத்தது.

கசிவை அடைக்கும் திரவங்களை ஊற்றிப் பார்க்கச் சிலர் சொன்னார்கள். ஊற்றவில்லை. அவை ரப்பரை இளக்கி வீங்க வைக்கும், வளைந்த தகட்டை நிமிர்த்தாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தகடுகள் சரியான அளவில் பிடிக்க, அந்த ஆயிலின் உராய்வுத் தன்மை மாறாமல் இருக்க வேண்டும். கியர் நன்றாக விழும் வண்டியில் அதோடு விளையாட எனக்கு மனம் வரவில்லை.

ஒன்பதாம் மாதம் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் கூலர் ஹோஸின் முனையில் வியர்த்தது போல ஈரம். சர்வீஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை, ரப்பர் கெட்டியாகி வெடித்திருந்தது. ஓடும்போது அழுத்தத்தில் இருக்கும் ஆயில் அது. பிய்த்துக்கொண்டால் சில நிமிடங்களில் காலியாகிவிடும், சூடான சைலன்சர் குழாயில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். அன்றே இரண்டு ஹோஸையும் கிளிப்போடு மாற்றிவிட்டேன்.

இப்போது மாதம் ஒருமுறை அளவு பார்க்கிறேன், கோடு அசையவில்லை. போன மாதம் பதினோரு நாள் எடுக்காமல் நின்றது, அட்டை சுத்தம். அடுத்த ஆயில் மாற்றத்துக்குப் புது வாஷரும் ரப்பர் பேக்கிங்கும் வாங்கி வைத்திருக்கிறேன். சம்ப் போல்ட்டுகளை இந்த முறை தொடக்கத்திலிருந்தே நான்தான் இறுக்கப் போகிறேன்.