விடுமுறையில் திருச்சியில் பல் வைத்தியம்: நாள் கணக்கைப் பார்த்துத் தொடங்குங்கள்

மெல்பர்னில் இருக்கும் நம் ஆட்கள் பலர் பல் வலியைப் பொறுத்துக்கொண்டே இருந்து, ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைக்கிறார்கள். காரணம் பணம்தான். ஆஸ்திரேலியாவில் மெடிகேர் அட்டை இருந்தாலும் பெரியவர்களின் பல் செலவு பெரும்பாலும் அதில் வராது. தனியார் காப்பீட்டில் பல்லுக்கும் சேர்த்து எடுத்திருந்தாலும் வருடத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு இருக்கும். கடவாய்ப் பல் ஒன்றுக்கு வேர் சிகிச்சையும் (ரூட் கனால், அதாவது கெட்ட நரம்பை எடுத்து வேர்க்குழாயை அடைப்பது) கேப்பும் (பல்லின் மேல் மாட்டும் உறை) சேர்த்து எனக்கு அங்கே சொன்ன தொகை 3,800 டாலர். திருச்சி தில்லை நகரில் அதே வேலை 14,500 ரூபாயில் முடிந்தது, திருப்தியாகவும் முடிந்தது. அதனால் ஊரில் செய்யலாமா என்று யாராவது கேட்டால் தாராளமாகச் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் ஊர் போய் இறங்கிய முதல் வாரத்திலேயே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். கல்யாணம், கோயில், துணிக்கடை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசி வாரத்தில் போனால் பாதி வேலையோடு விமானம் ஏற வேண்டியிருக்கும்.

என் பல்லையே எடுத்துக்கொள்கிறேன். இடது பக்கம் கீழ்க் கடவாய்ப் பல். முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்று கூசி உடனே அடங்கிவிடும். அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே போதும். பிறகு சூடான காபி குடித்தால் வலி கிளம்பி வெகு நேரம் அடங்காமல் இருந்தது, இரவில் படுத்தால் விண்விண் என்று தெறித்தது. சொத்தை உள்ளே இருக்கும் நரம்பு வரை போய்விட்டது என்பதற்கு இவை முக்கியமான அறிகுறிகள். இந்த நிலையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டே நாளைக் கடத்துகிறவர்கள் நம்மில் நிறைய. மெடிக்கலில் கேட்டால் கொடுத்தும் விடுகிறார்கள். வீங்கிப்போன நரம்புக்கு அந்த மாத்திரையால் பலனில்லை. நரம்பு தானாகச் செத்து வலி நின்றுபோவதும் உண்டு, அதைக் குணமானதாக நினைத்துவிடக் கூடாது. வேரின் நுனியில் சீழ் கட்டுவது அதற்கு அப்புறம்தான்.

தில்லை நகர் கிளினிக்கில் சிறிய எக்ஸ்ரே எடுத்த உடனே படம் கணினித் திரையில் வந்தது. டாக்டரம்மா அதைக் காட்டியே விளக்கினார். வேர் சிகிச்சைக்கென்று எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேல்படிப்பு) படித்த நிபுணர் ஒருவர் அந்த கிளினிக்குக்கு வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டும் வருகிறார். ஊரில் பல இடங்களில் இதுதான் ஏற்பாடு. அவர் வரும் நாளைப் பொறுத்தே நம் தேதியும் அமையும். முன்பற்களுக்குப் பெரும்பாலும் ஒரே வேர்க்குழாய், வேலை சீக்கிரம் முடியும். கடவாய்ப் பல்லில் மூன்று நான்கு இருக்கும். மேல் முதல் கடவாயில் நான்காவது ஒன்று ஒளிந்திருக்கும், அதை விட்டுவிட்டால் பின்னால் மறுபடி தொல்லைதான். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டித்தான் வேலை செய்தார்கள். உள்ளே விடும் மருந்து தொண்டைக்குப் போகாது, எச்சிலும் பல்லுக்குள் போகாது. இதைப் போடுவீர்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஊசி போட்டு மரத்த பிறகு எனக்கு வலியே தெரியவில்லை. வாயைத் திறந்தே வைத்திருந்ததில் தாடைதான் வலித்தது.

வேர் சிகிச்சை முடிந்ததும் பல் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தற்காலிக அடைப்போடு வெளிநாடு திரும்புகிறவர்கள் உண்டு. மெல்பர்னில் எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி வந்து சில மாதங்களில் பல் இரண்டாகப் பிளந்து, கடைசியில் பிடுங்கினார். தற்காலிக அடைப்பு தேய்ந்தால் கிருமி மறுபடி உள்ளே இறங்கும். உள்ளே குடைந்த கடவாய்ப் பல் மெல்லும் அழுத்தத்தைத் தாங்காது. அதனால் கடவாய்க்குக் கேப் பெரும்பாலும் கட்டாயம்.

கேப்பில் முழு உலோகம், உலோகத்தின் மேல் பீங்கான், சிர்கோனியா என்று வகைகள் சொன்னார்கள். சிர்கோனியா வெள்ளையாகவும் உறுதியாகவும் இருக்கும், விலையும் அதிகம். என் பில்லில் 9,000 ரூபாய் அதற்குத்தான் போனது. உள்கடவாய்க்கு உலோகமே போதும் என்று யாராவது சொன்னால் அது மட்டமான யோசனை இல்லை. பல்லைக் குறைவாகச் செதுக்கினால் போதும், நீண்ட நாள் உழைக்கும். கேப்போடு வாரன்டி அட்டை தந்தார்கள். அது கேப் உடைந்தால் மட்டும்தான். கேப்பின் ஓரத்தில் புதுச் சொத்தை வந்தால் அட்டை உதவாது, தினமும் அங்கே துலக்கிச் சுத்தம் செய்வதுதான் உதவும்.

கேப் லேபிலிருந்து வரச் சில நாள் ஆகும். வந்த அன்றே எல்லாம் முடிந்துவிடாது. கார்பன் தாள் வைத்துக் கடிக்கச் சொல்லி உயரத்தைச் சரிபார்ப்பார்கள். அங்கே சரியாகத் தோன்றிய கடி வீட்டில் சாப்பிடும்போது இடித்தது. திரும்பப் போனேன், லேசாகத் தேய்த்ததும் சரியானது. மாட்டிய அன்று இரவே விமானம் என்றால் இந்த வாய்ப்பு கிடையாது. கேப்புக்கு அப்புறம் குறைந்தது ஒரு வாரமாவது ஊரில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு முதலில் பல் சுத்தம் செய்தோம். சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். "பல்லில படிஞ்ச காரை ஈறுக்கு அடியில இறங்கி எலும்பைக் கரைச்சிருக்கும்மா. ஆட்டம் ஏற்கனவே இருந்தது, காரைதான் முட்டுக் கொடுத்திட்டிருந்தது" என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். சில நாள் கூச்சம் இருந்தது, போய்விட்டது.

ஆடிக்கொண்டிருந்த ஒரு பல்லை எடுக்க வேண்டியிருந்தது. கைவைக்கும் முன் அவர் கேட்ட கேள்விகளை வயதானவர்களோடு போகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சர்க்கரை இருக்கிறதா, கடைசி மூன்று மாதச் சராசரி எவ்வளவு? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டா? எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை அம்மா எதிர்பார்க்கவே இல்லை. அந்த வகை மருந்துகளில் சிலவற்றால் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். அம்மா ஆஸ்பிரின் எடுக்கிறார். பக்கத்து வீட்டில் அதை ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார்கள். டாக்டர் நிறுத்த வேண்டாம் என்றார், பஞ்சை அழுத்திக் கடித்ததிலேயே ரத்தம் நின்றது. இதய டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரைகளை யாரும் தாமாக நிறுத்தாதீர்கள், ஆபத்து.

பல் எடுத்த அன்று கொப்பளிக்கக் கூடாது, துப்பிக்கொண்டே இருக்கக் கூடாது, உறிஞ்சியும் குடிக்கக் கூடாது. குழியில் உறையும் ரத்தம்தான் காயத்துக்கு மூடி. அது பெயர்ந்தால் மூன்றாம் நாள் வாக்கில் காதுவரை வலி தெறிக்கும். நம் வீடுகளில் சொல்லும் உப்புத் தண்ணீர் நல்லதுதான், மறுநாளிலிருந்து.

இன்னொரு கிளினிக்கில் அம்மாவின் பழைய இடைவெளிக்கு இம்ப்ளான்ட் (எலும்பில் திருகு பொருத்தி அதன் மேல் பல் வைப்பது) பற்றிக் கேட்டேன். வாயைச் சரியாகப் பார்க்கும் முன்பே "டிக்கெட் எப்போ மேடம்? அதுக்குள்ள பல்லையே மாட்டி அனுப்பிடுறோம்" என்றார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. 1965-இல் ஸ்வீடனில் பிரனேமார்க் என்ற மருத்துவர் முதல் நோயாளிக்கு டைட்டானியம் திருகைப் பொருத்தியதிலிருந்து இந்த வைத்தியத்தின் அடிப்படை, எலும்பு அந்தத் திருகைப் பற்றிக்கொள்வதுதான். அதற்கு வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். உடனே பல் மாட்டுவது சிலருக்குச் சரிப்படும், எலும்பின் அளவையும் உறுதியையும் ஸ்கேனில் பார்த்த பிறகுதான் அதைச் சொல்ல முடியும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இன்னும் யோசிக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் இதை இரண்டு பயணமாகப் பிரித்துக்கொள்வதே நல்லது. திருகின் கம்பெனி, அளவு, தொகுதி எண் உள்ள ஸ்டிக்கரைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். அது இல்லாவிட்டால் நாளை அது தளர்ந்தால் எந்தக் கருவி அதற்குச் சேரும் என்று வேற்றூர் டாக்டருக்குத் தெரியாது.

கிளினிக் தேர்வில் நான் பார்த்தவை சில. சுவரில் மாநில பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருந்தது. கருவிகளை ஆவியில் சுத்தம் செய்து ஒட்டிய உறையை நம் கண் முன்னால் பிரித்தார்கள். எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தந்தார்கள். காசு இல்லாத உறவினர்களுக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரிகளை நினைவூட்டுங்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பது பழையது. திருச்சிக்காரர்களுக்குப் பக்கமாகப் புதுக்கோட்டையிலும் 2023-இல் ஒன்று திறந்திருக்கிறார்கள். நேரம் ஆகும், ஆனால் பேராசிரியர்கள் மேற்பார்வையில் வேலை நடக்கும்.

கிளம்பும் முன் எக்ஸ்ரே படங்களை வாட்ஸாப்பில் வாங்கினால் தெளிவு குறையும், மின்னஞ்சலில் கேளுங்கள். எந்தப் பல் என்பதை எண்ணோடு எழுதி வாங்குங்கள். என் பல் 36. ஆஸ்திரேலியாவிலும் அதே எண் முறைதான், அமெரிக்காவில் அதே பல்லை 19 என்பார்கள். மெல்பர்ன் டாக்டர் படங்களைப் பார்த்து, வேர் நுனி வரை அடைப்பு சரியாக இருக்கிறது, ஒரு வருடம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம் என்றார்.