இருவர் மட்டும் வாழும் வீட்டுக்கு இரண்டு லிட்டர் கிரைண்டர்: ஒரு மதிப்புரை

கணவன், மனைவி இருவர் மட்டுமே இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குத் தனியாக ஒரு கிரைண்டர் வேண்டுமா என்று எங்களைக் கேட்காத உறவினர் இல்லை. தெருமுனைக் கடையில் பாக்கெட் மாவு இரவு பத்து மணி வரை கிடைக்கிறது, அவசரத்துக்கு மிக்சி இருக்கிறது, சமையலறை மேடையோ அடுப்பும் நான்கு பாத்திரங்களும் வைத்தாலே நிறைந்துவிடுகிறது என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும், கோவையில் தயாரான இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் ஒன்றை ஓராண்டுக்கும் மேலாகப் பயன்படுத்திவரும் அனுபவத்தில், இருவர் வாழும் வீட்டுக்கு அது நன்றாகப் பொருந்தும் என்று சொல்வேன். மாவு அரைக்கும் வேலையையும், அதைவிட முக்கியமாகக் கல்லைக் கழுவும் வேலையையும் இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அந்தப் பகிர்வு இல்லாத வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. இங்கே சொல்லப்போகும் நிறைகுறைகள் பெரும்பாலும் இவ்வகை கிரைண்டர்கள் அனைத்துக்கும் பொதுவானவை. எந்த நிறுவனத்தினுடையதை வாங்கினாலும் இவற்றைப் பார்த்து வாங்குவது நல்லது.

எங்கள் வாரம் சென்னையில் வேலைக்குப் போகும் எல்லோருடைய வாரத்தையும் போன்றதுதான். என் கணவர் பழைய மாமல்லபுரம் சாலையில் சோழிங்கநல்லூர் வரை போகிறார். நான் அதற்கு நேர் எதிர்த்திசையில் பாரிமுனைக்குப் போகிறேன். இருவரும் வீடு திரும்பும்போது எட்டரை ஆகிவிடும். அந்த நேரத்தில் சாதம் வைத்துக் குழம்பும் வைக்கும் தெம்பு இருப்பதில்லை. மாவு இருந்தால் தோசையும் பொடியுமாகக் கால் மணி நேரத்தில் இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். திருமணமான புதிதில் சனி, ஞாயிறு வந்தால் வெளியே கிளம்பிவிட வேண்டும் என்று நினைத்தோம்; தி. நகர் கூட்டத்திலும் வேளச்சேரி நெரிசலிலும் பாதி நாள் கழிந்து, திங்கட்கிழமை இன்னும் களைப்போடு விடிந்தது. இப்போது சனிக்கிழமையை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம். காலையில் அரிசி ஊறப் போட்டு, பிற்பகலில் அரைத்து, மாலையில் காற்றாட மாடியில் நடந்துவிட்டு வருவதே எங்கள் வார இறுதி. கிரைண்டர் அதற்கு நடுவில் இருக்கிறது.

வீட்டுக் கிரைண்டரின் பின்னணி தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. ஆட்டுக்கல்லில் உரல் நிலையாக நிற்கும், குழவியைக் கையால் சுற்ற வேண்டும். கோவையில் 1955-இல் சபாபதி என்பவர் மின்சாரத்தில் இயங்கும் மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார் என்பது அத்தொழிலின் வரலாறு. இன்றைய கிரைண்டரில் அடியில் கல் பதித்த பாத்திரம் சுழல, மேலே உள்ள உருளைக் கற்கள் அவை இருந்த இடத்திலேயே உருள்கின்றன. ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடு பெற்ற பொருளாகவும் ஆனது. கற்களுக்கு ஊத்துக்குளிப் பகுதிக் கருங்கல் பேர்பெற்றது. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, அதுவரை கிரைண்டர் வாங்க முடியாத எத்தனையோ வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. கையால் மாவாட்டிய பெண்களின் தோள்வலியை நினைத்துப் பார்த்தால், அந்தப் பட்டியலில் கிரைண்டரைச் சேர்த்தது எவ்வளவு பொருத்தமான முடிவு என்பது புரியும்.

மிக்சியில் அரைத்தால் போதாதா என்பதே பலரும் கேட்கும் கேள்வி. மிக்சியின் பிளேடு நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழன்று உளுந்தை வெட்டுகிறது; மாவு சூடாகிறது. கிரைண்டரின் கல் மெதுவாக உருண்டு உளுந்தை நசுக்குகிறது. சூடு அதிகம் ஏறுவதில்லை. அரைபடும் அரை மணி நேரமும் மாவுக்குள் காற்று ஏறிக்கொண்டே இருக்கிறது. உளுந்தின் வழவழப்பே இட்லிக்கு ஆதாரம். மாவு புளிக்கும்போது லியூகோநாஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள் வெளியிடும் கரியமில வாயுவை அந்த வழவழப்புதான் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றி மிக்சியில் அரைத்த மாவிலும் தோசை நன்றாக வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் இட்லி அடர்ந்துவிடும். ஆறிய பிறகு அந்த வித்தியாசம் இன்னும் கூடும். காலையில் வைத்த இட்லியை மதியம் அலுவலகத்தில் திறந்து சாப்பிடும் எங்களைப் போன்றவர்களுக்கு இது சிறிய விஷயமன்று.

பாக்கெட் மாவைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நல்ல மாவு விற்கும் கடைகள் சென்னையில் நிறைய இருக்கின்றன. ஆனால் அந்த மாவு எப்போது அரைக்கப்பட்டது, எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. முதல் நாள் இட்லிக்குச் சரியாக இருக்கும் பாக்கெட் மூன்றாம் நாள் தோசைக்கே புளித்துவிடுகிறது. உளுந்தைக் குறைத்து அரிசியைக் கூட்டி அரைத்த மாவும் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. வீட்டில் அரைத்தால் அளவு நம் கையில் இருக்கிறது.

அளவைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இருவர் வீட்டுக்கு இரண்டு லிட்டர் பெரிதாகிவிடும் என்ற அச்சம் இங்கேதான் தீர்கிறது. இரண்டு லிட்டர் என்பது பாத்திரத்தின் கொள்ளளவைக் குறிப்பது. அதில் ஒரே தடவையில் அரைப்பதற்கு வசதியான அளவு அதைவிடக் குறைவுதான். நாங்கள் நான்கு தம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு தம்ளர் உருட்டு உளுந்தும் ஒரு தேக்கரண்டி வெந்தயமும் போடுகிறோம். ரேஷன் புழுங்கலரிசி நல்லதாகக் கிடைக்கும் மாதத்தில் அதையே பயன்படுத்துகிறோம். நன்கு கழுவினால் அதிலும் இட்லி குறைசொல்ல முடியாதபடி வருகிறது. இந்த மாவு குளிர்சாதனப் பெட்டியில் இருந்து எங்களுக்கு ஒரு வாரம் வருகிறது: ஞாயிறும் திங்களும் இட்லி, நடுவில் தோசை, வெள்ளிக்கிழமை புளிப்பேறிய மாவில் வெங்காயம் தூவிய ஊத்தப்பம் அல்லது பணியாரம். இதைவிடக் குறைத்து அரைப்பதில்தான் சிக்கல். உளுந்து அரைத் தம்ளர் மட்டும் போட்டால், அது பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கல்லுக்கு அடியில் வராது. நிமிடத்துக்கு ஒரு முறை வழித்துத் தள்ளிக்கொண்டே நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு மட்டும் மாவு வேண்டும் என்பவர்களுக்கு இந்த கிரைண்டர் பயன்படாது. ஒன்று அல்லது ஒன்றேகால் லிட்டர் அளவில் வரும் சிறிய வகையைப் பார்க்கலாம்.

அரைக்கும் முறையில் என் மாமியார் தொலைபேசியில் சொல்லித் தந்தவை எந்தக் கையேட்டிலும் இல்லை. உளுந்து ஒரு மணி நேரம் ஊறினால் போதும், அரிசிக்கு நான்கு மணி நேரம் வேண்டும். உளுந்தை முதலில் போட்டு, தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் கையால் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் மாவு மஞ்சள் கலந்த வெண்மையாகவும் ஒட்டும் பதத்திலும் இருக்கும். இருபது நிமிடம் கடந்ததும் நிறம் வெளுத்து, கற்களின் பக்கவாட்டில் மடிப்பு மடிப்பாக ஏறத் தொடங்கும். அப்போது “ஒரு சொட்டு எடுத்துத் தண்ணில போட்டுப் பாரும்மா, மெதக்கணும்” என்பார். கிண்ணத்துத் தண்ணீரில் விழுந்த அந்தச் சொட்டு கரையாமல், உருண்டையாக மேலே நின்றால் உளுந்து தயார். அடியில் போய்ப் படிந்தால் இன்னும் ஐந்து நிமிடம் ஓட வேண்டும். இப்போதெல்லாம் என் கணவரே கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அரிசியை நைசாக அரைக்காமல் மெல்லிய ரவைப் பதத்தில் எடுக்க வேண்டும். அதற்கு இருபது, இருபத்தைந்து நிமிடம். இரண்டையும் உப்பிட்டுக் கையால் கலந்து வைத்தால், மே மாதத்துச் சென்னையில் ஆறு மணி நேரத்துக்குள் பொங்கிவிடும், மார்கழியில் இரவு முழுதும் போதாமல் காலை எட்டு மணி வரை விட வேண்டியிருக்கும். வெயில் காலத்தில் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள்.

இனி குறைகள். முதலாவது சத்தம். மிக்சியைப் போலக் காதைக் கிழிக்காது என்றாலும், ஒரே சீரான உறுமல் ஒரு மணி நேரம் நீடிக்கிறது. அடுக்குமாடியில் அது மேடை வழியாகச் சுவருக்கும், சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போகிறது. அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்ட பிறகு அதிர்வு வெகுவாகக் குறைந்தது. பிற்பகல் தூக்க நேரத்தையும் இரவு ஒன்பது மணிக்குப் பிந்திய நேரத்தையும் தவிர்க்கிறோம். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் அவர்களிடம் கேட்டே நேரத்தை முடிவுசெய்தோம். இரண்டாவது, எடை. கற்களும் சேர்ந்து பத்து கிலோவுக்கு மேல் இருப்பதால், பயன்படுத்திய பின் எடுத்துப் பரணில் வைக்கலாம் என்று நினைத்து வாங்காதீர்கள். அதற்கு மேடையில் நிரந்தர இடம் வேண்டும். மூன்றாவது, மின்கம்பி மிகவும் குட்டையானது; எங்கள் பிளக் பாயிண்ட் மேடையின் மறுகோடியில் இருக்கிறது. ஈரக்கையோடு புழங்கும் இடத்தில் நீட்டிப்புக் கம்பி போடுவது ஆபத்து என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் புதிய பாயிண்ட் போட்டோம். வாங்கும் முன் அளந்து பார்த்திருந்தால் கிரைண்டரின் இடத்தையே வேறாகத் திட்டமிடலாம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

நான்காவதும் பெரியதுமான குறை கழுவுவது. கற்களைக் கழற்றி, அவற்றின் உட்துளையில் ஒட்டிய மாவைத் தள்ளி, பாத்திரத்தின் நடுத்தண்டைச் சுற்றிய பள்ளத்தை விரலால் துடைத்து எடுக்க வேண்டும். அரைத்த உடனே செய்தால் பத்து நிமிட வேலை. ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால் உளுந்து காய்ந்து பசைபோல இறுகிவிடும். கழுவியபின் ஈரத்தோடு மூடிவைத்தால் அடுத்த வாரம் புளிப்பு வாடை அடிக்கும், ஆகவே கற்களைத் தனியே கவிழ்த்து உலர்த்த வேண்டும். கடைசித் தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். முதல் கழுவல் தண்ணீரை மாவிலேயே சேர்த்துவிடுவது பழைய வழக்கம், நல்ல வழக்கம். பல வீடுகளில் கிரைண்டர் மூடிபோட்டுத் தூசி படிந்து கிடப்பதற்குக் காரணம் அரைக்கும் நேரமன்று, இந்தக் கழுவும் வேலைதான் என்பது என் உறுதியான எண்ணம். அது எப்போதும் ஒருவர் தலையில், பெரும்பாலும் பெண்ணின் தலையில், விழுகிறது. எங்கள் வீட்டில் நான் அரைத்தால் அவர் கழுவுகிறார், அவர் அரைத்தால் நான் கழுவுகிறேன். கிரைண்டர் ஓடும் ஒரு மணி நேரத்தில் இருவரும் சமையலறையை விட்டு வெகுதூரம் போக முடியாது. ஒருவர் கீரை ஆய, ஒருவர் மாவு வழிக்க, வாரம் முழுதும் பேச நேரமில்லாமல் விட்டுப்போன பேச்செல்லாம் அப்போதுதான் நடக்கிறது. செல்பேசியை எடுக்கவும் முடியாது, கை மாவாக இருக்கும்.

மின்செலவு அஞ்சத் தக்கதன்று. இவ்வகை கிரைண்டர்களின் மோட்டார் பெரும்பாலும் 150 வாட். ஒரு மணி நேரம் ஓடினாலும் 0.15 யூனிட்தான். விலை, கல்லின் எண்ணிக்கையையும் வடிவத்தையும் பொறுத்து நான்காயிரம் ரூபாயிலிருந்து எட்டாயிரம் வரை போகிறது. உருளைக் கல்லா, கூம்புக் கல்லா என்று விற்பனையாளர்கள் நெடுநேரம் பேசுவார்கள்; இருவருக்கான மாவில் அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதைவிடக் கற்கள் சுலபமாகக் கழல்கின்றனவா, பாத்திரத்தைத் தனியே தூக்க முடிகிறதா என்று கடையிலேயே செய்து பாருங்கள். உடன் தரும் தேங்காய்த் துருவி நன்றாக வேலை செய்கிறது. சப்பாத்தி மாவு பிசையும் இணைப்பை எடுத்துப் பூட்டிக் கழுவும் நேரத்தில் கையாலேயே பிசைந்துவிடலாம்.

புதிய கல்லில் முதல் சில தடவை கல்தூள் கலக்கும். ஒரு பிடி அரிசியை ஊறவைத்து அரைத்து, அந்த மாவைக் கொட்டிவிட்டு, சாம்பல் நிறம் மாறி வெள்ளையாக வரும்வரை அதைத் திரும்பச் செய்ய வேண்டும். பெல்ட் தேய்ந்தால் சத்தம் மாறும், பாரம் ஏறியதும் பாத்திரம் நின்று நின்று சுழலும். எங்களுக்கு அப்படி ஆனபோது சேவை மையம் இன்று, நாளை என்று இழுத்தது. கடைசியில் எங்கள் தெருவிலேயே மிக்சி, கிரைண்டர் பழுதுபார்க்கும் பெரியவர் அரை மணி நேரத்தில் பெல்ட்டை மாற்றித் தந்தார். எனவே வாங்கும்போது உத்தரவாதச் சீட்டில் எத்தனை ஆண்டு என்று பார்ப்பதோடு நில்லாமல், உங்கள் பகுதிக்கு ஆள் வருவார்களா, அந்த மாதிரிக்குரிய பெல்ட் வெளிக்கடையில் கிடைக்குமா என்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொண்டு பணத்தைக் கொடுங்கள்.